ஹாஜியாரின் மேல்வரிசைப் பல்

ஹிஸ்புல்லா ஹாஜியார் தன் மூத்த மருமகன் தாஹிரோடு ஒரு நாளும் நேரே கதைத்ததில்லை. கோபதாபம் ஒன்றுமில்லை, எல்லாம் மரியாதைதான். மாமனாரும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவது அந்தக் குடும்பத்தில் வெட்கங்கெட்ட வேலை. ஒரே வீட்டில், ஒரே குசினிச் சோற்றைத் தின்றுகொண்டு, கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இந்த மரியாதையைக் காப்பாற்றி வந்தார்கள். ஹாஜியாருக்கு ஏதாவது சொல்ல இருந்தால் மகள் பரீதாவிடம் சொல்வார். பரீதா அடுப்படியில் வேலையாயிருந்தால் காரிடம் சொல்வார்.

கார் என்றால், அவர் தாஹிருக்குச் சீதனமாகக் கொடுத்த ஒஸ்ரின் ஏ-போட்டி, அதாவது ஏ-40. வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது ஒரு கப்பல் அதிகாரியிடம் வாங்கியது. தாஹிர் அதைத் திருகோணமலைப் பட்டணத்தில் வாடகைக்கு ஓட்டினான். கல்யாண மாப்பிள்ளையும் அதில்தான் போனார், ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை பெறப் போனவளும் அதில்தான் போனாள். அவனுடைய சோறும் அதுதான், சந்தியில் நாலு பேர் அவனுக்கு இடம் விட்டதும் அதனால்தான்.

"நேத்துப் பின்னேரம் எங்க போய்ச் சேறு பூசிக்கிட்டு வந்தாய்?" என்று ஹாஜியார் காரின் இடப்பக்க மட்காட்டைப் பார்த்துக் கேட்பார். தாஹிர் துணியோடு பக்கத்திலேயே நிற்பான். "தம்பலகாமத்துக்கு ஒரு ஹயர் போனது" என்று அவனும் வலப்பக்க மட்காட்டுக்குப் பதில் சொல்வான். இதில் உள்ள பைத்தியக்காரத்தனம் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவனுக்குத்தான் தெரியும். உள்ளே இருந்த யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும் ஹாஜியார் காருக்குள் ஏறிக் குந்திப் பரிசோதனை நடத்துவார். கண்ணில் படலம் விழுந்து நிறமெல்லாம் ஒன்றாகிப் போயிருந்தது. ஆனால் விரல் பொல்லாதது. கண்ணாடி இறக்கும் குமிழ், சாம்பல் தட்டின் பிடி, லைற் போடும் பொத்தான் என்று ஒவ்வொன்றையும் தடவித் தடவி, இருக்க வேண்டியது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து விட்டுத்தான் சோற்றுக்கு வருவார்.

அது எழுபதுகளின் முற்பகுதி. வெளியிலிருந்து சாமான் இறக்குவது நின்றுபோய், பாண் ரொட்டிக்கே விடியப்புறம் வரிசையில் நின்ற காலம். காரின் உள்ளே இருந்த வெள்ளைக்காரன் பிளாஸ்ரிக் எல்லாம் எங்கள் வெயிலைத் தாங்க மாட்டாமல் இத்துப்போய், தொட்டால் உடைந்தது. கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைக்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள். தாஹிர் என்ன செய்வான்? கண்ணாடி இறக்கும் குமிழுக்குக் கரம் விளையாட்டுக் காயைத் துளைபோட்டு மாட்டினான். சாம்பல் தட்டுக்குப் பல் விளக்கும் பிரஷின் காம்பைச் சூடாக்கி வளைத்துப் பிடி வைத்தான். லைற் பொத்தான் இருந்த இடத்தில் ஓர் அத்தர் போத்தல் மூடி வந்து குந்தியது. நிறம் சிவப்பு, பச்சை, நீலம் என்று எப்படிப் போனாலும் உருவத்தை மட்டும் அரத்தால் ராவி ராவிச் சரியாக்கிவிடுவான். ஏறுகிறவர்களுக்குப் பெட்டிக்கடைக்குள் ஏறிய மாதிரி இருக்கும். ஹாஜியாரின் விரல் மட்டும் ஒவ்வொரு வெள்ளியும் திருப்தியோடு எழுந்து போகும்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது இளைய மகள் லைலாவுக்குக் கல்யாணம் பொருந்தியது. மாப்பிள்ளை கிண்ணியாவைச் சேர்ந்த பாயிஸ். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் கிளாக்கர் வேலை. தலைமயிரை எண்ணெய் வைத்துப் படிய வாரி, சப்பாத்தைத் தானே துடைத்துப் போடுகிற ஒழுங்கான பிள்ளை. நாள் குறித்த வெள்ளிக்கிழமை ஹாஜியார் காருக்குள் வழக்கத்தை விட நேரம் குந்தியிருந்துவிட்டு, ஸ்டியறிங்கைத் தட்டிக் கொடுத்துச் சொன்னார்:

"உன்ட அருமை தெரிஞ்ச கையிலதான் நீ இருக்கோணும். ஒரு சாமான் குறைஞ்சாலும் பாரு, கல்யாணத்தண்டைக்கே கார்த் திறப்பைச் சின்ன மருமகனிட்டக் குடுத்திடுவன்."

தாஹிர் பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். சாவி போனால் சோறும் போகும்.

கல்யாணத்துக்கு நாலைந்து நாள் இருக்க, கோட்டை வீதியில் மான்கள் வழியை மறித்துப் படுத்திருந்தன. அந்த மான்களுக்குப் பட்டணத்தில் யாரிடமும் பயமில்லை, பட்டணத்தாருக்குத்தான் அவற்றின்மேல் பயம். தாஹிர் ஹோர்ன் அடித்தான். ஒரு கொம்பன் மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்த எரிச்சலில் தாஹிர் முஷ்டியை மடக்கி ஹோர்னில் ஒரு குத்து விட்டான். ஹோர்ன் பொத்தானைச் சுற்றி ஒரு பிளாஸ்ரிக் வளையம் இருந்தது. அதுதான் பொத்தானைப் பிடித்து வைத்திருப்பது. அது இரண்டாகப் பிளந்து, கீழ்ப்பாதி தங்கி, மேல்பாதி யன்னலால் வெளியே பறந்தது. தாஹிர் கதவைத் திறந்து இறங்குவதற்குள் மான் எழும்பி வந்து அதை மணந்து பார்த்து, வாழைப்பழத் தோலைத் தின்பதுபோல் நிதானமாக மென்று விழுங்கிவிட்டது.

"துப்பு! துப்பு சனியனே!" என்று நடுவீதியில் நின்று ஒரு மானிடம் கெஞ்சிய முதல் மனிதன் தாஹிராகத்தான் இருக்கவேண்டும். மான் துப்பவில்லை.

கரம் காயும் அத்தர் மூடியும் உதவாத இடம் இது. லாட வடிவில், உள்பக்கம் பள்ளமும் வெளிப்பக்கம் மேடுமாக ஒரு சாமான் வேண்டும். யோசித்து யோசித்து, கடைசியில் தாஹிர் பாலையூற்றுக்குப் போனான், பல் கட்டும் அல்பிரட்டிடம். கட்டுப் பல்லுக்கு முரசு, அதாவது ஈறு, செய்கிற பவுடரும் ஒரு வகைப் பிளாஸ்ரிக்தானே என்பது அவன் கணக்கு.

அல்பிரட்டுக்குக் காரும் வாயும் ஒன்றுதான். வாசலுக்கு வந்து கார்க் கதவைத் திறந்து, "வடிவாத் திறந்து வச்சுக்கொள்ளுங்கோ" என்று கதவிடமே சொன்னார். சின்னக் கண்ணாடியை ஸ்டியறிங்குக்குள் விட்டு முன்னும் பின்னும் பார்த்தார். உடைந்த முனையை ஊசியால் தட்டி, "நோகுதோ?" என்று கேட்டார். தாஹிர் தன்னையறியாமல் "இல்லை அண்ணன்" என்றான்.

"செய்யலாம் தம்பி. ஆனால் பவுடர் இல்லை. கொழும்பிலயிருந்து இனி எப்ப வருமோ தெரியாது. கிடந்த கடைசிப் பவுடரில உங்கட மாமாவின்ர மேல்வரிசையைக் கட்டி முடிச்சிட்டன். கல்யாணத்துக்கெண்டு ஓடர் தந்தவர்."

மேசைமேல் ஒரு கிளாசுத் தண்ணீரில் அது கிடந்தது. ரோசா நிற முரசு, வரிசையாகப் பல், வேட்டைப் பல்லுக்கு ஒரு தங்கக் கவசம். ஹாஜியார் இளமையில் போட்டிருந்த தங்கப் பல்லைப் போலவே வேண்டுமென்று கேட்டு வாங்கிய கவசம். தாஹிர் அதைப் பார்த்தான். லாட வடிவம். உள்ளே பள்ளம், வெளியே மேடு. அல்லாஹ்வே, என்ன யோசனை இது என்று தன்னையே திட்டினான். திட்டிக்கொண்டே அதை எடுத்துக்கொண்டு போய் ஸ்டியறிங்கின் நடுவில் வைத்துப் பார்த்தான்.

'டக்' என்று உட்கார்ந்தது.

அல்பிரட் பதறிக்கொண்டு பின்னால் ஓடி வந்தவர், வந்த வேகத்தில் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். விரலால் அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. அவருடைய கண் கலங்கிவிட்டது.

"தம்பி, நான் நேவிக்காரன்ர பல் ஆஸ்பத்திரியில வேலை பழகினனான். அண்டு தொட்டு இண்டுவரைக்கும் எத்தினை வாய்க்குக் கட்டியிருப்பன். ஒரு வாயிலயாவது முதல் தரம் வைக்கேக்க பொருந்தினதில்லை. ராவோணும், திரும்ப ராவோணும், பேச்சு வாங்கோணும். இது பாருங்கோ, ஒரு மயிரிழை விலகேல்லை."

"அப்ப இதை..."

"ஏலாது, ஏலாது. அது ஹாஜியாரின்ர பல்லு" என்றார் அல்பிரட். ஆனால் சொல்லும்போது கண்ணை ஸ்டியறிங்கிலிருந்து எடுக்கவில்லை. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "கல்யாணம் முடியுமட்டும் மெழுகில ஒட்டி விடுறன். முடிஞ்ச கையோட கழட்டிக் கொண்டு வரோணும்" என்றார். தன் கைவேலை ஓரிடத்திலாவது ஒழுங்காகப் பொருந்தியிருப்பதை நாலு நாளைக்காவது பார்க்க வேண்டுமென்ற ஆசை அவருக்கு. பொத்தானை உள்ளே அமர்த்தி, பல்லெல்லாம் பொத்தானைக் கடித்துக்கொண்டிருக்கும்படி வைத்து, மெழுகை உருக்கி ஊற்றினார். கை கழுவிக்கொண்டே புத்திமதியும் சொன்னார்: "சூடு காட்டாதேங்கோ. கடுமையா ஒண்டும் வேண்டாம், மெதுமெதுவா. நொந்தால் உடனே கொண்டு வாங்கோ."

ஆகவே தாஹிர் அந்த நாட்களில் காரை மர நிழல் தேடித் தேடி நிறுத்தினான். ஸ்டியறிங்கின் நடுவில் ஈரத் துணி போட்டான். காய்ச்சல்காரனுக்குப் பற்றுப் போடுகிற மாதிரித் துணியை நனைத்து நனைத்து மாற்றினான். கல்யாணச் சோடனை என்று சொல்லி அதன்மேல் சரிகை நாடாவைச் சுற்றிவிட்டதால் சந்தியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில்தான் நிலைமை மோசம். பல் இன்னும் பதமாகவில்லை, கல்யாணத்துக்குப் பிறகுதான் தரலாம் என்று அல்பிரட் சொல்லியனுப்பியதைக் கேட்டு ஹாஜியார் இடிந்துபோய்க் கதிரையில் இருந்தார். மாப்பிள்ளை வீட்டாரோடு ஒரே சஹனில் கூடியிருந்து சாப்பிட வேண்டும். பெண்ணைப் பெற்றவன் அந்தப் பெரிய தட்டில் கை வைத்து இறைச்சியைக் கடிக்காவிட்டால், சம்பந்தத்தில் மனமில்லை என்றுதான் கிண்ணியாவில் கதை போகும். இதெல்லாம் பரீதா தாஹிரிடம் சொன்னது.

"பாவம் வாப்பா, மாட்டிறைச்சித் துண்டை முரசால கடிச்சுப் பழகிப் பாக்கிறாரு. ஏலாதாம். அழுறாரு" என்றாள். தாஹிர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தான். போய் உண்மையைச் சொல்லலாம் என்று எழும்பினான். யாரிடம் சொல்வது? மாமாவிடம் கதைக்க முடியாது, மரியாதை. காரிடம் சொல்லலாம் என்றால், காரின் வாயில்தான் அவருடைய பல் இருக்கிறது. அவன் திரும்பக் குந்தி, வெட்கமும் துக்கமுமாகத் தண்ணீரைக் குடித்தான்.

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை எடுக்கப் போனார்கள். ஹாஜியார் முன் சீற்றில், வாயைச் சால்வையால் மூடிக்கொண்டிருந்தார். கிண்ணியாவில் தேத்தண்ணீர் குடித்து, மாப்பிள்ளையைப் பின் சீற்றில் ஏற்றித் திரும்பினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பின்னால் ஒரு லொறியில். துறைக்கு வந்து, கரைக்குக் கரை கார் லொறி ஏற்றும் மிதவைப் படகான 'பாதை'யில் காரை ஏற்றினார்கள். லொறி அடுத்த தடவைக்கு நின்றது. வெயில் கொளுத்தியது. மர நிழல் இல்லாத இடம் அந்தக் கடல் ஒன்றுதான். ஈரத் துணியைக் கிண்ணியாவில் மறந்து விட்டு வந்ததைத் தாஹிர் நடுக்கடலில் நினைத்தான். கைக்குட்டையை நனைத்து வரலாம் என்று இறங்கிப் பாதையின் ஓரத்துக்குப் போனான்.

அவன் போன இடைவெளியில் ஹாஜியார் சாரதி சீற்றுக்கு நகர்ந்தார். கல்யாண அமளியில் அந்த வாரப் பரிசோதனை தவறிப் போயிருந்தது, அதை இப்போது முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார். குமிழ், பிடி, பொத்தான், எல்லாம் சரி. ஸ்டியறிங்கின் நடுவில் சரிகை. சரிகைக்குக் கீழே விரல் போனது. நின்றது. திரும்பப் போனது. ஒரு பல், இன்னொரு பல், பிறகு வழுவழுவென்று தங்கக் கவசம்.

"ஹாஜியார், என்ன?" என்றான் பின்னாலிருந்த பாயிஸ். கல்யாணம் எழுதும்வரை மாமா என்று கூப்பிட அவனுக்குக் கூச்சம்.

ஹாஜியார் சரிகையை விலக்கினார். இளகிப்போயிருந்த மெழுகோடு பிடித்து ஓர் இழுவை இழுத்தார். பல் கையோடு வந்தது. பிடிப்பில்லாமல் போன பொத்தான் உள்ளே விழுந்து வயரில் மாட்டிக்கொள்ள, ஹோர்ன் அலறத் தொடங்கியது. பாதையில் நின்ற ஆடுகள் மிரண்டு ஓடின. ஒரு கிழவர் கடைசி நேரம் வந்துவிட்டதென்று கலிமாச் சொன்னார். தாஹிர் நனைந்த கைக்குட்டையோடு ஓடி வந்து பார்த்தபோது மாமா மெழுகைச் சால்வையால் துடைத்துவிட்டு, பல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

முடிந்தது என்று தாஹிர் நினைத்தான். திறப்பைக் கழற்றி இப்போதே பாயிஸின் கையில் கொடுக்கப் போகிறார், தான் இந்தப் பாதையிலிருந்து நடந்து இறங்கப் போகிறேன் என்று நினைத்தான். குறைந்தது இந்தச் சத்தத்தையாவது நிறுத்துவோம் என்று பொனற்றைத் தூக்கிப் பற்றறி வயரில் கை வைத்தான்.

"தாஹிர்!"

கூப்பிட்டது மாமா. காரையல்ல, அவனை. அவன் வயரை விட்டு நிமிர்ந்தான்.

"கழட்டாதே. அடிக்கட்டும். வந்து ஏறு."

ஹாஜியார் தன் பக்கத்துக்கு நகர்ந்துகொள்ள, பாதை கரை தட்டியது. தாஹிர் ஏறி, அலறும் காரைச் சீனன்குடாப் பக்கம் ஓட்டினான். பாயிஸ் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். விமானப்படை முகாம் வாசலில் நின்ற காவலாளுக்கு, யாரோ பெரிய ஆள் வருகிறார் என்ற எண்ணம். விறைத்து நின்று சல்யூட் அடித்தான்.

"இந்தச் சத்தத்துக்குள்ள நம்ம கதை ஒருத்தனுக்கும் கேக்காது" என்று ஹாஜியார் தாஹிரின் காதுக்குக் கிட்டக் குனிந்து கத்தினார். பல் இன்னும் இடம் பிடிக்காமல் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆடியது. "சொல்லு. என்ன நடந்தது?"

தாஹிர் சொன்னான். மானைச் சொன்னான், அல்பிரட்டைச் சொன்னான், கரம் காய், பிரஷ் காம்பு, அத்தர் மூடி எல்லாவற்றையும் தொண்டை கிழியக் கத்திச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கு அழுகை வந்தது. "நீங்க காரைத் திருப்பி எடுத்திருவீங்கண்டு பயந்துதான் மாமா செஞ்சன். உங்கட வாயில மண்ணப் போட்டுட்டன். மன்னிச்சுக்கங்க."

"கரம் காய் எனக்குத் தெரியும்" என்று கத்தினார் ஹாஜியார். "பிரஷ் காம்பும் தெரியும். கண்ணுதான் இல்ல, விரலுக்கு என்ன குறை? நல்லா ராவியிருந்தாய். சந்தோசமா இருந்திச்சு."

"அப்ப ஏன் மாமா, பாயிஸுக்குக் குடுப்பேனெண்டு..."

ஹாஜியார் முன்னால் வீதியைப் பார்த்தார். படலம் விழுந்த கண்ணுக்கு அது எப்படித் தெரிந்ததோ.

"வேற என்னத்தச் சொல்ல? பரீதாட உம்மா போனதுக்குப் பிறகு எனக்குக் கதைக்க ஆள் இல்ல. உன்னோட கதைக்க ஏலாது. காரை ஏசினாத்தான் நீ பதில் சொல்லுவாய். குறை சொன்னாத்தான் கொஞ்ச நேரம் பக்கத்துல நிப்பாய்." மூச்சு வாங்கினார். "கார் உன்டது. அண்டைக்குத் தந்தது தந்ததுதான். ஆருக்கும் குடுக்கமாட்டன்."

  தாஹிர் ஸ்டியறிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தோளில் துடைத்தான்.

பிறகு இருவரும் கத்திக் கத்திக் கதைத்தார்கள். வெள்ளைக்காரன் இந்தக் காரைக் கொடுத்த நாள், தாஹிர் சின்னப் பிள்ளையில் மூதூரில் குளித்த இடம், பரீதாவின் பிடிவாதம், அது யாரிடமிருந்து வந்தது என்ற வாதம். சிரிப்புக் கூட வந்தது, ஹாஜியாருக்குப் பல் கழன்று மடியில் விழுமளவுக்கு. எடுத்துத் திரும்ப வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். பட்டணத்து எல்லைக்கு வந்தபோது ஹோர்ன் தொண்டை கட்டிப்போய்க் கம்மத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை தெரிந்தது. பந்தலுக்கு முன்னால் சனம் திரண்டு நின்றது. சத்தம் கேட்டு எல்லோரும் வீதிக்கே வந்திருந்தார்கள். பரீதா முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தாஹிர் வேகத்தைக் குறைத்தான். இன்னும் கொஞ்சத்தில் கார் நிற்கும், ஹோர்னும் நிற்கும், இரண்டு பேரும் திரும்ப மாமனாரும் மருமகனுமாக இறங்கவேண்டும்.

ஹாஜியார் அவனுடைய முழங்கையைப் பிடித்தார்.

"நிப்பாட்டாதே" என்றார். "இன்னும் ஒரு சுத்துச் சுத்திட்டு வருவம்."

பின்னாலிருந்த மாப்பிள்ளை வாயைத் திறந்து ஏதோ கேட்டான். யாருக்கும் கேட்கவில்லை. கார் கல்யாண வீட்டைத் தாண்டிக் கடற்கரை வீதிக்குத் திரும்பியது.